கால்சியத்தின் இரண்டு கைகள்: டெக்சஸ் கேசோவும் ஆர்கன்சா சீஸ் டிப்பும்

டாலஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடன் வேலை செய்பவர்களில் ஒருவர் டெக்சஸின் சான் அன்டோனியோக்காரர், இன்னொருவர் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கிலிருந்து வந்தவர். சோள சிப்ஸில் தொட்டுச் சாப்பிடும் மஞ்சள் சீஸ் குழம்பு யார் ஊருடையது என்பதில் இருவருக்கும் தீராத வாக்குவாதமாம். ஒருவருக்கு அது 'கேசோ'. மற்றவருக்கு 'சீஸ் டிப்' என்று சொன்னால்தான் சரி. ஆனால் வாசகர் கேட்பது வேறு. "நல்ல செடார் சீஸாக வாங்கி வீட்டில் உருக்கினால் எண்ணெய் தனியாக, சக்கை தனியாகப் பிரிந்துவிடுகிறது. ஹோட்டலில் மட்டும் எப்படி ஒரே சீராக வழிகிறது?"

நம் சமையலில் எண்ணெய் பிரிந்து வந்தால் குழம்பு பதமாகிவிட்டது என்று அர்த்தம். கேசோவில் அதுவே தோல்வி. அந்தத் தோல்வியைத் தடுப்பது ஒரு சின்ன உப்பு. அதைப் பற்றிச் சொல்வதற்குமுன் சண்டையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

டெக்சஸ்காரர்களின் வீட்டுக் கேசோவுக்கு இரண்டே பொருள் போதும்: ஒரு கட்டி வெல்வீட்டா என்ற பிராசஸ்டு சீஸ், ஒரு டின் ரோ-டெல். பின்னது பச்சை மிளகாய் சேர்த்து டின்னில் அடைத்த தக்காளி. 1940களின் தொடக்கத்தில் டெக்சஸின் எல்சா என்ற சிற்றூரில் கார்ல் ரோடெல் தொடங்கியது. ஆர்கன்சாவில் முறை வேறு. அங்கே பல வீடுகளில் வெண்ணெயில் மாவை வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாக்கி, பிராசஸ்டு சீஸும் சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் சேர்ப்பார்கள். 1935-ல் நார்த் லிட்டில் ராக்கில் தொடங்கிய 'மெக்சிகோ சிகிட்டோ' உணவகத்தில்தான் சீஸ் டிப் பிறந்தது என்பது ஆர்கன்சாவின் வாதம். உலக சீஸ் டிப் சாம்பியன்ஷிப் என்றே லிட்டில் ராக்கில் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 2016 டிசம்பரில் சண்டை வாஷிங்டனுக்கே போனது. இரு மாநில செனட்டர்களும் ஆளுக்கொரு கிண்ணத்துடன் மோதினார்கள், ஆர்கன்சா வென்றது. அதை டெக்சஸ் ஏற்றுக்கொண்டுவிட்டதாக நினைக்கவேண்டாம்.

இந்த இரைச்சலில் ஒரு ஊர் காணாமல்போவது எனக்கு வருத்தம்தான். இரண்டு கிண்ணங்களுக்கும் மூத்தது வட மெக்சிகோவின் சிலே கோன் கேசோ. சுட்டுத் தோலுரித்த மிளகாயைக் கீற்றாக நறுக்கி, உருகும் சீஸில் புரட்டிய பதார்த்தம். சிவாவா மாநிலத்தில் இதற்குப் போடுவது, 1922 முதல் கனடாவிலிருந்து வந்து குடியேறிய மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் பெயர் சுமந்த சீஸ். அது இழுத்தால் கயிறுபோல வரும், ஆறினால் இறுகும். எல்லைக்கு வடக்கே வந்தபிறகுதான் சீஸ் ஆறினாலும் வழியும் குழம்பானது. நடுவில் என்ன நடந்தது?

பாலிலிருந்து தொடங்கவேண்டும். பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அது கரைந்து கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு உருண்டை. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இப்படி 5,000 முதல் 10,000 உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. உள்ளே அவற்றை ஒட்டிப்பிடித்திருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும். வெளியே மெல்லிய முடிபோன்ற புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் எதிர்மின்சுமை உண்டு. அதனால் ஓர் உருண்டை இன்னொன்றை அண்டவிடாது. பால் பாலாகவே இருப்பதற்கு அதுதான் காரணம்.

சீஸ் செய்பவர் ரென்னெட் நொதியைச் சேர்க்கும்போது அது இந்த முடிகளைச் சிரைத்துவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. வலைக்குள் கொழுப்பும் தண்ணீரும் சிக்கிக்கொள்கின்றன. சீஸ் என்பது அவ்வளவுதான். வலையில் கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டிருப்பது கால்சியம்.

ஏன் கால்சியம்? அதற்கு இரண்டு கைகள். வேதியியல் மொழியில் சொன்னால் இரண்டு நேர்மின்சுமை. ஒரு கையால் ஒரு புரதத்தையும் மறுகையால் பக்கத்துப் புரதத்தையும் பிடிக்கமுடியும். சோடியத்துக்கு ஒரே கை. அது ஒரு புரதத்தின் மேல் உட்காரலாம், இரண்டைச் சேர்த்துக் கட்டமுடியாது. இந்த ஒற்றைக்கை, இரட்டைக்கை வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதில்தான் நிற்கிறது.

செடார் துருவலை அடுப்பில் வைக்கிறீர்கள். 35 டிகிரிக்குள்ளேயே கொழுப்பு பெரும்பாலும் உருகிவிடும். 60ஐத் தொடும்போது புரத வலை இளகும். சீஸ் அழகாகத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். இன்னும் சூடேறினால் வலை சுருங்கத் தொடங்கும், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல. உள்ளே இருந்த கொழுப்பும் தண்ணீரும் வெளியேறும். கிண்ணத்தின் மேலே மஞ்சள் எண்ணெய், கீழே ரப்பர். வாசகர் பார்த்தது இதைத்தான்.

இப்போது சோடியம் சிட்ரேட் வருகிறது. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம் அல்லவா, அதன் சோடிய உப்பு. சிட்ரேட்டுக்கு எதிர்மின்சுமையுள்ள மூன்று கைகள். கால்சியத்தைக் கண்டால் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்த கால்சியத்துக்குப் பதிலாகத் தன்னிடமிருந்த சோடியத்தைப் புரதத்திடம் விட்டுவிட்டுப் போகும். புரதத்தின் மேல் இரட்டைக்கை போய் ஒற்றைக்கை வந்தது. முடிச்சு அவிழ்ந்தது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. முடிச்சவிழ்ந்த கேசீன் சும்மா இருப்பதில்லை. அதன் உடம்பில் சில பகுதிகள் தண்ணீரை விரும்பும், சில பகுதிகள் கொழுப்பை விரும்பும். வலையில் கட்டுண்டு கிடந்தபோது இந்தக் குணத்தைக் காட்ட அதற்கு வழியில்லை. விடுபட்டதும் ஒவ்வொரு கொழுப்புத்துளியையும் தேடிப்போய்ப் போர்த்திக்கொள்கிறது. கொழுப்புப் பிரியமான பக்கம் உள்ளே, தண்ணீர்ப் பிரியமான பக்கம் வெளியே. போர்வை போர்த்திய துளிகள் இனி ஒன்றுசேர்ந்து எண்ணெயாக மிதக்காது. எந்தப் புரதம் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளியதோ, அதே புரதம் இப்போது கொழுப்பைத் தாங்கி நிற்கிறது. வெளியிலிருந்து எந்தக் கெட்டிப்படுத்தும் பசையும் வரவில்லை. எத்தனை முறை நினைத்தாலும் இதில் எனக்கு அலுப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. கொழுப்பு நீக்கிய பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, சோடியம் சிட்ரேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். வெள்ளை மங்கி, லேசான பச்சை கலந்த மஞ்சளாக, கஞ்சித்தெளிவுபோல ஆகும். டம்ளருக்குப் பின்னால் பிடித்த விரல் மெல்லத் தெரியத் தொடங்கும். அந்தப் பாலின் வெண்மையே கேசீன் உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவதுதானே. உள்ளிருந்து கால்சியத்தை உருவியதும் உருண்டை கலைகிறது, வெண்மையும் போகிறது.

இதை முதலில் சீஸில் பயன்படுத்தியது மெக்சிகோவும் இல்லை, டெக்சஸும் இல்லை. 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் எம்மென்டால் சீஸை சிட்ரேட்டுடன் உருக்கி, எளிதில் கெட்டுப்போகாத சீஸ் செய்தார்கள். 1916-ல் சிகாகோவில் ஜேம்ஸ் கிராஃப்ட் சீஸை உருக்கிப் பதப்படுத்தும் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1918-ல் நியூயார்க் மாநிலத்தின் மன்றோ ஊரில் எமில் ஃப்ரே என்ற சுவிஸ்காரர் வெல்வீட்டாவை உருவாக்கினார். ஆக, சான் அன்டோனியோ கிண்ணத்திலும் லிட்டில் ராக் கிண்ணத்திலும் இருப்பது ஒரே சுவிஸ் வேதியியல். ஆர்கன்சாக்காரர்கள் மாவும் சேர்ப்பதால், உப்பி நிற்கும் மாவுத்துகள்கள் துளிகளை விலக்கிவைத்துக் கூடுதலாக ஒரு காவல் தருகின்றன. கரண்டியில் அது சற்றுக் கனமாக விழுவது அதனால்தான்.

சரியாக அதே ஆண்டுகளில் இந்த உப்பு இன்னொரு இடத்திலும் நுழைந்தது. ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை சிட்ரேட் பிடித்துவைத்தால் ரத்தம் உறையாது. 1914-ல் பிரஸ்ஸல்ஸில் ஆல்பெர் ஹுஸ்டினும் புவெனோஸ் ஐரஸில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கவேண்டிய கட்டாயம் அதோடு போனது. இன்றும் ரத்தப் பைகளில் சிட்ரேட் இருக்கிறது. நான் ஒருமுறை தட்டணுக்கள் தானம் செய்தபோது உதட்டோரம் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்தது. செவிலியர் ஒரு கால்சியம் மாத்திரை தந்தார். இயந்திரத்திலிருந்து திரும்பிவந்த ரத்தத்தில் இருந்த சிட்ரேட், என் உடம்பின் கால்சியத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்தது. கேசோ வழிவதற்கும் என் உதடு குறுகுறுத்ததற்கும் காரணம் ஒன்றே என்று அந்தப் படுக்கையில் கிடந்தபோதுதான் புரிந்தது.

அதனால்தான் "சீஸில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பாக்கெட்டில் 331 என்று போட்டிருந்தால் அது சோடியம் சிட்ரேட். 339 என்றால் சோடியம் பாஸ்பேட், ஏறக்குறைய அதே வேலைதான். பிராசஸ்டு சீஸில் உப்புச்சத்து அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடவேண்டும் என்று சொன்னால் அது நியாயமான பேச்சு. எண்களைக் காட்டி மிரட்டுவது மூடநம்பிக்கைதான், தாயத்துக்குப் பதில் செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவே. உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு நம்முடையது. எருமைப்பாலில் பசும்பாலைவிடக் கேசீனும் அதிகம், கால்சியமும் அதிகம். அந்தப் பாலின் புரதம் என்ன செய்கிறது என்று நம் இளைஞர்கள் ஆராய, இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் பால்சட்டிக்குள்ளும் எட்டிப்பார்க்கவேண்டும்.

பனீர் ஏன் உருகுவதில்லை என்று அடுத்து ஒருவர் கேட்பார் என்று தெரியும். கொதித்த பாலைப் புளிப்பு விட்டுத் திரிக்கும்போது கால்சியம் பிரியும் தண்ணீரோடு போய்விடுகிறது. அவிழ்க்க முடிச்சே இல்லை, புரதம் நேரடியாகவே ஒட்டிக்கிடக்கிறது. அதில் கேசோ வராது.

சோடியம் சிட்ரேட்டைப் பற்றி இன்னொன்று. அதில் உள்ள சோடியம், கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் நான்கின் ஆங்கிலக் குறியீடுகளை வரிசையாக எழுதிப் படியுங்கள்: 'நாச்சோ' என்று வரும். டெக்சஸ் எல்லையை ஒட்டிய பியத்ராஸ் நெக்ராஸ் ஊரில் 1940களில் சிப்ஸ்மேல் சீஸும் மிளகாயும் வைத்துச் சுட்டுக்கொடுத்த இக்னாசியோ அனயாவின் செல்லப்பெயர் அது. அவர் போட்டது சாதாரண சீஸ். 1976-ல் ஆர்லிங்டன் விளையாட்டரங்கில் ஃபிராங்க் லிபர்ட்டோ விற்ற நாச்சோவில்தான் ஊற்றும் சீஸ் வந்தது. பெயர்ப்பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அப்புறம், டாலஸ் வாசகருக்குச் செய்முறை. சோடியம் சிட்ரேட் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். 3 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 4 கிராம் ஆப்பசோடா. இரண்டையும் 90 மில்லி தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும், கொஞ்சம் பெரிய பாத்திரமாக எடுங்கள். நுரை முழுக்க அடங்கியபின் தண்ணீரில் சுமார் 4 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். லேசாகச் சூடாக்கி, 100 கிராம் செடார் துருவலைப் பிடிபிடியாகச் சேர்த்துக் கிளறுங்கள். முதலில் திரிந்துவிட்டதுபோலத் தெரியும், பயப்படாதீர்கள். ஒரு நிமிடத்தில் கரண்டியைத் தொடர்ந்து பட்டுநாடா மாதிரி எழும்பும். வதக்கிய தக்காளியும் மிளகாயும் அப்போது சேருங்கள். மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அல்வாவாக இறுகியிருக்கும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் வைத்தால், ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பிரியாமல் மறுபடி வழியும்.