நாயுடன் நடக்கும்போது: எதிரே ஓடிவரும் நாயும் நெருங்கிவரும் மனிதரும்

"எங்கள் நாய் கயிற்றில்தான் இருந்தது, டாக்டர். அது ஒன்றுமே செய்யவில்லை. அந்த நாய்தான் ஓடி வந்து கடித்துவிட்டது." கும்பகோணத்தில் கால்நடை மருத்துவம் பார்த்துவரும் இந்த இருபது ஆண்டுகளில் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியங்களில் இதுவும் ஒன்று. சொல்பவர் பொய் சொல்வதில்லை. நாய் கயிற்றில் இருந்தது என்பதும் உண்மை, அது வம்புக்குப் போகவில்லை என்பதும் பெரும்பாலும் உண்மை. ஆனால் கயிற்றில் இருந்ததால்தான் அந்தச் சந்திப்பு கடியில் முடிந்தது என்பதைப் பலரும் அறிவதில்லை. காயத்தைக் கழுவி மருந்திடும் நேரத்தில் அதை விளக்கிச் சொல்லும் மனநிலை எனக்கும் இருப்பதில்லை, கேட்கும் மனநிலை அவர்களுக்கும் இருப்பதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அறிமுகமில்லாத இரண்டு நாய்கள் கட்டின்றிச் சந்திக்கும்போது நேருக்கு நேர் வருவதில்லை. சற்று வளைந்து வரும், பார்வையை விலக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் நின்று பின்புறத்தை மோப்பம் பிடிக்கும், பிடிக்கவில்லையென்றால் இரண்டில் ஒன்று விலகிப் போய்விடும். விலகிப் போவதே நாய்களின் சமாதானம். கயிறு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஓட முடியாது என்று உணர்ந்த நாய் உறுமும், பல்லைக் காட்டும், முந்திக்கொண்டு பாயவும் செய்யும். எதிரே வரும் நாய்க்கு அது சண்டைக்கான அழைப்பாகவே தெரியும். நம் பகுதியில் இந்தச் சிக்கலை இன்னொன்று கூட்டுகிறது. காலையில் நாயை அழைத்துச்செல்ல நாம் விரும்புவது ஆற்றங்கரையும் வாய்க்கால் மேடும்தான். அரசலாற்றங்கரையாக இருந்தாலும் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாயின் கரையாக இருந்தாலும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு அல்லது வயல், நடுவில் ஒற்றையடிப் பாதை. அங்கே இரண்டு நாய்கள் நேருக்கு நேர்தான் வந்தாக வேண்டும்.

எனவே கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவரின் முதல் கடமை, நாயால் செய்ய முடியாத அந்த விலகலை நாய்க்காகத் தாம் செய்து கொடுப்பதே. முப்பது அடி தூரத்தில் செய்தால் அது எளிது, மூன்றடியில் செய்தால் ஏறக்குறைய இயலாது. படித்துறையோ, மதகோ, களத்துக்கு இறங்கும் வழியோ அடுத்தடுத்து இருக்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். தொலைவில் ஒரு நாய் தென்பட்டதுமே அதில் இறங்கி நின்றுகொள்ளலாம், அல்லது வந்த வழியே திரும்பிவிடலாம். திரும்பி நடப்பதைத் தோல்வியாகக் கருதும் உரிமையாளர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். "மோந்து பார்க்கட்டும், பழகிவிடும்" என்று தொழிலின் தொடக்கக் காலத்தில் நானே அறிவுரை சொல்லியிருக்கிறேன். அந்த அறிவுரையைக் கேட்டு நடந்த ஒருவரின் சிப்பிப்பாறை நாய், தோள்பட்டையில் நான்கு பல் துளைகளோடு என் மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து அதைச் சொல்வதில்லை.

கயிற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்புச் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடப்பது நம் ஊர்களில் பழக்கமாகிவிட்டது. நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் எலும்பு முறியவும், முதியவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியவும் அது காரணமாகிறது. ஐந்து அல்லது ஆறு அடி நீளமுள்ள தட்டையான நைலான் அல்லது பருத்திப் பட்டையே நல்லது. அதன் வளையத்தில் பெருவிரலை மாட்டி உள்ளங்கையில் மடித்துப் பிடித்தால் தேவைப்படும் நொடியில் விட்டுவிட முடியும். கழுத்துப்பட்டையைவிட, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நாயின் தொண்டையை இறுக்காது. இன்னொரு நாயைக் கண்டதும் நம் கை தானாகவே கயிற்றை இறுக்கும். அந்த இறுக்கம் நேராக நாயின் உடலுக்குப் போகிறது, நாம் அஞ்சுகிறோம் என்பதை அது அந்த நொடியிலேயே அறிந்துகொள்கிறது. மூச்சை விட்டுக் கையைத் தளர்த்திப் பிடிப்பதும் ஒரு பயிற்சிதான். அதை வீட்டு வாசலில் நின்றே பழகிக்கொள்ள வேண்டும்.

ஓடிவரும் நாயின் உள்ளம் என்னவென்பதை வாலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாலாட்டினால் நட்பு என்ற நம்பிக்கையே பல கடிகளுக்குக் காரணம். உடல் முழுவதும் நெகிழ்ந்து, இடுப்போடு சேர்ந்து அகலமாக ஆடும் வால் வேறு. உடல் மரக்கட்டையாக விறைத்து நிற்க, உயரத் தூக்கிய வாலின் நுனி மட்டும் வேகமாகத் துடிப்பது வேறு. முதுகு மயிர் சிலிர்த்து, வாய் மூடி, கண் கொட்டாமல் பார்த்து நிற்கும் நாய் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் நாய் அடிக்கடி உதட்டை நக்கினால், தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால், அது உங்களிடம் "இங்கிருந்து போய்விடலாம்" என்று கேட்கிறது. அதற்கு இணங்கிவிடுங்கள்.

விலக இடமில்லாமல் ஒரு நாய் நெருங்கிவிட்டால், உங்கள் நாயைப் பின்னால் தள்ளி நீங்கள் முன்னே நில்லுங்கள். ஓட வேண்டாம், அலற வேண்டாம். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. தாழ்ந்த, உறுதியான குரலில் "போ" என்று சொல்லலாம். தெருவில் வளர்ந்த நாய்களுக்கு, கல்லெடுக்கக் குனியும் மனிதனை நன்றாகத் தெரியும். குனிவது போன்ற அந்த ஓர் அசைவுக்கே பெரும்பாலானவை நான்கடி பின்வாங்கும். அசைவு போதும், கல்லை எறிய வேண்டாம். வலியில் திரும்பும் நாய் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் கம்பு இருந்தால் தரையில் தட்டுங்கள், நாயை அடிக்காதீர்கள். நான் அதிகம் பரிந்துரைப்பது சட்டைப்பையில் ஒரு கைப்பிடி வேகவைத்த கோழித்துண்டோ பிஸ்கட்டோ வைத்திருப்பதைத்தான். வரும் நாயின் காலடியில் அதைச் சிதறினாற்போல் வீசினால், அது பொறுக்கித் தின்னும் இருபது விநாடிகளில் நீங்கள் மதகைத் தாண்டிவிடலாம். சிறிய நாயை மார்போடு தூக்கிக்கொள்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் எதிரே வரும் நாய் எம்பும், கடி உங்கள் கையிலும் முகத்திலும் விழும். பக்கத்தில் மதில் சுவரோ நிறுத்தியிருக்கும் வண்டியோ இருந்தால் அதன்மேல் ஏற்றிவிடுவது நல்லது.

டெல்டாவில் வாழ்பவர்கள் நடைபாதையைப் பருவத்தை ஒட்டியும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தெருநாய்கள் இணைசேரும் காலம் உச்சத்தை அடைகிறது. ஒரு பெண் நாயின் பின்னால் ஆறேழு ஆண் நாய்கள் கூட்டமாகத் திரியும், அவற்றுக்குள் சண்டை ஓயாது. உங்களுடையது ஆண் நாயாக இருந்தால் அந்தக் கூட்டத்தின் கண்ணில் அது புதிய போட்டியாளன், கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கூட்டம் வீடு வரை பின்தொடரும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள் என்பதால் மார்கழியிலும் தையிலும் வைக்கோல் போரடியிலும் பாலத்தடியிலும் கோயில் மண்டப ஓரங்களிலும் குட்டிகள் கிடக்கும். பனி மூடிய மார்கழி விடியலில், கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் ஊரே எழுந்து நடக்கும் அந்த வேளையில், தாய் நாய் எங்கே படுத்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சாதுவாகத் திரிந்த நாயே குட்டி போட்ட மூன்று வாரங்களுக்கு வேறு நாயாகிவிடும். அந்த மாதங்களில் விடிந்த பிறகு நடப்பதையே நான் வற்புறுத்துவேன். சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை ஆடுகள், அதாவது எருவுக்காக வயலில் அடைத்துவைக்கப்படும் ஆட்டு மந்தைகள், வயல்களுக்கு வரும். கிடையைக் காக்கும் நாய்கள் தம் வேலையைத்தான் செய்கின்றன. கிடை போட்டிருக்கும் வயலின் வரப்பில் நாயோடு நடக்காதீர்கள். மந்தையை நடத்திவரும் கீதாரியிடம் எந்தப் பக்கம் ஆடுகள் நிற்கின்றன என்று கேட்டு, சுற்றிப் போய்விடுங்கள்.

இனி மனிதர்கள். நாயை அழைத்துச்செல்பவரைச் சுற்றி மூன்று வகையான அந்நியர்கள் வருவார்கள்: தொட விரும்புபவர், அஞ்சுபவர், நாயைச் சாக்காக வைத்துப் பேச்சுக் கொடுப்பவர். "ராஜபாளையமா, கோம்பையா?" என்று கேட்டுக்கொண்டே தலைமேல் கையை நீட்டுபவரிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும் மேலிருந்து இறங்கும் அறிமுகமற்ற கை நாய்க்கு அச்சுறுத்தலே. "கடிக்குமா?" என்று கேட்டால் "கடிக்காது" என்று பெருமையோடு பதில் சொல்வதை விட்டுவிடுங்கள். பல் உள்ள எந்த விலங்கைப் பற்றியும் அப்படி உறுதி கூற என்னாலேயே முடியாது. "தொடாதீங்கண்ணே, பழக்கமில்லாதவங்க கிட்ட வந்தா பயப்படும்" என்று சொல்லிக்கொண்டே நடையை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள். நின்றால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் கை நீளும். பள்ளி விடும் நேரத்தில் ஓடிவரும் பிள்ளைகளுக்கும் இதுவேதான். அவர்களிடம் முகம் சுளிக்காமல், "நாய்கிட்ட ஓடி வரக்கூடாது தம்பி, பயமா இருந்தா அசையாம மரம் மாதிரி நின்னுடணும்" என்று சொல்லிக்கொடுத்தால், அது வேறொரு நாளில் வேறொரு நாயிடமிருந்து அந்தப் பிள்ளையைக் காக்கும்.

அஞ்சுபவரை நாம் மதிப்பதே இல்லை என்பது என் வருத்தம். கடிபட்டவரோ, கடிபட்ட பிள்ளையைக் கண்டவரோ சாலையின் மறுபக்கம் ஒதுங்கும்போது, "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே நாயோடு அவர் பக்கம் போவது கொடுமை. கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை உங்கள் மறுபக்கம் மாற்றி, அவர் கடந்து போகும்வரை நில்லுங்கள். வளர்ப்பு நாயைக் கட்டாமல் விடுபவர்களுக்கும் அதே சொல்தான் வாயில் வருகிறது. ஒரு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்காமலிருப்பது இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மூன்றாம் வகையைப் பற்றிப் பெண்கள் என்னிடம் மருத்துவமனையில் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். நாயைப் பற்றி ஆரம்பித்து, வீடு எங்கே, தினமும் இந்த நேரமா, தனியாகத்தான் வருவீர்களா என்று நீளும் விசாரணை அது. மரியாதைக்காகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. "நாய்க்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். அதே ஆள் மறுநாளும் வந்தால் நேரத்தையும் பாதையையும் மாற்றுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள், பின்தொடர்வதாகத் தோன்றினால் ஆள் நடமாட்டமுள்ள டீக்கடைப் பக்கம் திரும்பி 112 அல்லது பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள். நாயை ஏவிவிட்டு மிரட்டும் யோசனை வேண்டாம். அப்படிப் பழகிய நாய் நாளை பால்காரரையும் வேறு கண்ணால் பார்க்காது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரங்களில் சண்டை மூண்டுவிடும். இரண்டு வாய்களுக்கு நடுவே கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். நாய்ச் சண்டையில் மனிதர் கடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான், கடிப்பதும் பல வேளைகளில் சொந்த நாயாகவே இருக்கும். தண்ணீரை முகத்தில் வீசுங்கள், குடையை இரண்டுக்கும் நடுவில் விரியுங்கள், பலத்த ஓசை எழுப்புங்கள். வேறு வழியே இல்லாமல் இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கி ஒரே நேரத்தில் பின்னோக்கி நகர்த்தலாம். ஆனால் பல் பதிந்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும் என்பதால், பிடி தளரும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

நாயின் காயம் வெளியே பட்டாணி அளவு துளையாகத் தெரிந்தாலும், உள்ளே தோல் தசையிலிருந்து பிரிந்து கிழிந்திருக்கும். "சின்னக் கடிதான்" என்று மூன்று நாள் கழித்துச் சீழோடு கொண்டுவருகிறார்கள். அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் கடிபட்ட பின் மீண்டும் ரேபிஸ் (வெறிநோய்) ஊசி தேவை. பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால், முதல் மருந்து சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், 15 நிமிடம் முழுதாக. ரேபிஸ் வைரஸ் நரம்பில் ஏறும் முன் காயத்திலேயே அதைக் குறைப்பதற்காக அந்தக் கால் மணி நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கழுவியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம், தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களில் போடுவார்கள். இரத்தம் வந்த கடியென்றால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பு மருந்தும் வேண்டும். அதை நீங்களே நினைவூட்டிக் கேளுங்கள். வலி அடங்கியதும் மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுபவர்களை நான் அறிவேன். ரேபிஸ் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் வெளிப்படுகிறது, வெளிப்பட்ட பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

கடித்த நாயின் நிறம், அடையாளம், இடம் ஆகியவற்றை அங்கேயே செல்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் அது உயிரோடும் நலமாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவருக்கு உதவும். காதில் சிறு வெட்டு இருந்தால், கருத்தடை செய்யப்பட்டு, அப்போது ரேபிஸ் தடுப்பூசியும் போடப்பட்ட நாய் என்று பொருள். அந்த ஊசி எத்தனை ஆண்டுகளுக்கு முன் போடப்பட்டது என்பதை அந்த வெட்டு சொல்லாது. ஆகவே அதைக் கண்டு நிம்மதியடைந்து, பத்து நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் முதல் ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.