தாராவி அட்டை வாபியில் காகிதமாகும் விதம்

பழைய அட்டைப்பெட்டி ஒன்றின் மடலைக் கிழித்து, கிழிந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீண்ட நார்கள் முடி முடியாக நீட்டிக்கொண்டிருந்தால், அதில் ஊசியிலை மரக்கூழ் நிறைய இருக்கிறது. இறக்குமதிச் சரக்கு வந்த பெட்டிகள் சில இப்படி இருக்கும். நார் தெரியாமல் பொசுக்கென்று கிழிந்தால், பலமுறை கரைத்து எடுத்த காகிதம். ஊசியிலை மரத்தின் நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். யூக்கலிப்டஸ் நார் 1 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. இப்படிப் பார்த்து, மும்பை தாராவியின் குடோன்களில் ரத்தியை, அதாவது பழைய காகிதத்தையும் அட்டையையும், வகை பிரிக்கும் கைகளின் வேலை, ஆலை இயந்திரத்தின் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

காகிதத்தில் நார்களை ஒட்டவைப்பது பசை அல்ல. ஈர நார்கள் நெருங்கி உலரும்போது, செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது, அதுதான் பிடிமானம். தண்ணீர் திரும்பி வந்தால் பிணைப்பு விட்டுப்போகும். அதனால்தான் பழைய அட்டையைக் கரைக்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு முறை உலரும்போதும் நாரின் நுண்துளைகள் மூடி, நார் விறைத்துப்போகிறது. அடுத்த முறை ஊறவைத்தால் முன்போல் உப்பாது, பிடிப்பும் குறையும். கரைப்பிலும் அரைப்பிலும் நீளமும் தேயும். பொதுவாக 5 முதல் 7 சுற்று வரை தாங்கும் என்பது கணக்கு.

பேலாக, அதாவது அழுத்திய பெரிய கட்டாகக் கட்டிய அட்டை, குஜராத்தின் வாபி போன்ற இடங்களில் பெட்டிக்கான பழுப்புக் காகிதம் செய்யும் கிராஃப்ட் ஆலைகளில், கூழ் கரைக்கும் பல்பருக்குள் விழுகிறது. அடியில் சுழலி வைத்த ராட்சத மிக்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ கலவையில் 4, 5 கிலோதான் நார். பல்பருக்குள் ஒரு கயிறு தொங்கும். கம்பி, சணல், பிளாஸ்டிக் எல்லாம் அதில் சுற்றிச் சுற்றித் தடித்த வடமாகும். அதை மெதுவாக மேலே இழுத்து வெட்டிப் போடுவார்கள். ஸ்டேப்லர் பின், மணல் போன்றவை கனமானவை, சுழற்சியில் ஒதுங்கிவிடும்.

ஒதுங்காதது டேப்பின் பசை. அதன் அடர்த்தி நாரின் அடர்த்தியை ஒத்தது, அழுத்தினால் நெளியும், சல்லடையின் மெல்லிய கீற்றிலும் நுழைந்துவிடும். நீராவியால் சூடேறிய டிரையர் உருளையைத் தொட்டதும் இளகி ஒட்டிக்கொள்கிறது. தாளில் உளுந்து அளவு ஓட்டை விழுந்தாலே போதும், ஓடுகிற தாள் அறுந்து இயந்திரம் நிற்கும். டேப்பைக் குடோனிலேயே உரிப்பது இதற்காகத்தான். பாலிஎத்திலீன் பூசிய பேப்பர் கப்பையும் தனியே ஒதுக்க வேண்டும். பிளாஸ்டிக் படலம் தண்ணீரை உள்ளே விடாது, மற்றது கரைகிற நேரத்தில் அது கரையாது.

சுத்தமான கூழை 1 சதவீதத்துக்கும் குறைவாக நீர்த்து, ஓடும் வலை மேல் பாய்ச்சுகிறார்கள். அங்கே ஒரு கிலோ நாருடன் ஏறக்குறைய 100 கிலோ தண்ணீர். வலையைக் கடக்கும்போது 4 கிலோ, பிரஸ் உருளைகள் பிழிந்தபின் ஒன்றேகால் கிலோ, டிரையர் தாண்டியதும் 75 கிராம். கடைசி ஒரு கிலோச் சொச்சத் தண்ணீரை ஆவியாக்கத்தான் எரிபொருள் செலவில் பெரும்பகுதி போகிறது. பிரஸ்ஸில் 1 சதவீதம் கூடுதலாகப் பிழிந்தால் நீராவியில் சுமார் 4 சதவீதம் மிச்சம். நார் தேய்ந்து போன வலுவை ஈடுகட்ட, இடையில் ஸ்டார்ச் பூசுவார்கள்.

பெட்டி வாங்குபவர்கள் கேட்பது ஜிஎஸ்எம் (தாளின் எடை), பிஎஃப் (வெடிப்பு வலு எண்) இரண்டையும்தான். 120 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 120 கிராம். 16 பிஎஃப் என்றால் 16ஐ 120ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: சதுர செண்டிமீட்டருக்கு 1.92 கிலோ அழுத்தத்தில் தாள் வெடிக்கும்.

மும்பை மழைக்காலம் இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப்போடும். ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கினால், அடுக்கிய பெட்டியின் தாங்குதிறன் பாதியாகக்கூட இறங்கும். ரத்தியிலும் இதே தொல்லைதான். நனைந்த பேல் உள்ளே சூடேறி, பாக்டீரியா நாரைத் தின்று, புளித்த வாடை கிளம்பும். அந்த நாரில் செய்த தாளுக்கு வலு வராது. வெளிப்புறம் காய்ந்திருப்பதை நம்பி எடை போடக் கூடாது. நீண்ட ஊசியுள்ள ஈரமானியை பேலின் நடுவரை, குறைந்தது நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தபின்தான் விலை பேச வேண்டும்.