ஆபா எண்: தருமபுரியில் எடுத்த பரிசோதனை பெங்களூருவிலும் தெரிய வேண்டுமானால்

பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அப்புறம் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேல் என்றால் சேலம், இல்லையேல் பெங்களூரு. போகிற இடமெல்லாம் புது ஓ.பி. சீட்டு, புது எண், மறுபடியும் அதே ரத்தப் பரிசோதனை. முன்னே என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது கூட வந்தவர் கையிலிருக்கும் பையைப் பொறுத்தது. பை வீட்டிலேயே தங்கிவிட்டால், "ஏதோ வெள்ளை மாத்திரை சார்" என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யத்தான் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். இதில் நமக்குக் கிடைப்பது 14 இலக்க ஆபா எண், அதாவது ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு (ABHA) எண். கட்டணம் கிடையாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆபா காப்பீட்டு அட்டை அல்ல. அறுவை சிகிச்சைக்கு இதைக் காட்டினால் பணம் வராது. அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது, அதன் அட்டையும் வேறு. மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரிலும் 'ஆயுஷ்மான் பாரத்' இருப்பதால் ஆபாவையும் காப்பீட்டையும் ஒன்றென்று நினைத்து, "கார்டு எடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அவசர நேரத்தில் அந்த நிம்மதி பெரிய இடியாக விழும்.

சரி, எண் என்ன செய்கிறது? நம் ஊரில் சுகாதாரக் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் மாநில அரசின் பிக்மி தளத்தில் அவர்களுக்கு ஆர்.சி.எச். எண் (தாய்சேய் நலப் பதிவு எண்) உண்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அது தேவைப்படும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதற்கு ஒரு பதிவு. தனியார் ஆய்வகம் வைத்திருக்கும் கணக்கு வேறு. ஒவ்வொன்றும் தனித்தனி மென்பொருள், ஒன்றுக்கு மற்றது தெரியாது. அதிலும் மாநில எல்லை தாண்டி ஓசூரிலிருந்து பெங்களூரு போனால் தமிழ்நாட்டு எண்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஆபா எண் நாடு முழுவதற்கும் பொது. அதோடு இணைந்த மென்பொருள்கள் நோயாளியின் குறிப்பை ஒரே வடிவத்தில் எழுதவும் படிக்கவும் ஒப்புக்கொண்டவை. ஆனால் மருத்துவமனை அந்த இணைப்பில் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது நாமும் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணை எடுத்து போனில் வைத்துக்கொண்டு எங்கேயும் சொல்லாவிட்டால் அது வெற்று எண்தான்.

நம் குறிப்புகள் எல்லாம் டெல்லியில் ஒரே கணினியில் போய்ச் சேர்வதில்லை. எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயேதான் இருக்கும். வேறொரு மருத்துவர் பார்க்க விரும்பினால் நம் போனுக்கு ஒரு ஒப்புதல் கோரிக்கை வரும். யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையிலான குறிப்பு, எவ்வளவு நாள் பார்க்கலாம் என்ற விவரம் அதில் இருக்கும். படித்துவிட்டுச் சம்மதம் கொடுத்தால்தான் தகவல் நகரும். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். எண் மட்டும் தெரிந்த ஒருவரால் எதையும் பார்க்க முடியாது. அதனால் காக்க வேண்டியது ஓடிபியை. முகாமில் பதிவு செய்பவர் கேட்டால், எதற்கான ஓடிபி என்று குறுஞ்செய்தியைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். பழைய குறிப்பைத் தேடும்போது கணினி ஒப்பிடுவது கைபேசி எண், பெயர், பாலினம், பிறந்த ஆண்டு. ஆதாரில் 'மாரியம்மாள் கோவிந்தன்', ஓ.பி. சீட்டில் 'கோ. மாரியம்மா', வயது கேட்டபோது குத்துமதிப்பாகச் சொன்ன 'அறுபது' என்றிருந்தால் இரண்டும் ஒருவர்தான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பதிவு மேசையில் ஆதாரில் உள்ளபடியே பெயரையும் பிறந்த ஆண்டையும் சொல்வது சின்ன வேலை, பலன் பெரிது.

இன்னொன்று, போன். வயதானவர்களின் ஆதாரில் இருப்பது பெரும்பாலும் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்டில் இருக்கும் மகனின் எண். ஒப்புதல் கோரிக்கை அவருக்குப் போய், அவர் எடுக்காவிட்டால் தருமபுரியில் அம்மா காத்திருக்க வேண்டியதுதான். யார் போனுக்கு வர வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நினைவில்லாமல் கொண்டுவரப்படும் நோயாளியால் ஒப்புதல் தர முடியாது என்பதையும் யோசியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் அறிக்கையும் இருக்கும் அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பழைய தாள்களைப் படமெடுத்து டிஜிலாக்கரில் ஏற்றி வைப்பதும் நல்லது.

எண் எடுக்க ஆபா செயலியோ ஆபா இணையதளமோ போதும். ஆதார் எண்ணும் அதோடு இணைந்த கைபேசியும் கையில் இருந்தால் சில நிமிட வேலை. ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டும் தொடங்கலாம். இணைப்பில் உள்ள மருத்துவமனைகளில் பதிவு மேசை அருகே கியூ.ஆர். கோடு ஒட்டியிருப்பார்கள். செயலியில் அதை ஸ்கேன் செய்து விவரத்தைப் பகிர்ந்தால் டோக்கன் எண் போனுக்கே வந்துவிடும். பெயர், வயது, முகவரி என்று வரிசையில் நின்று சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு இது சாதாரண உதவியல்ல.

ஆபா கட்டாயம் இல்லை. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பது மிஷனின் தகவல் கொள்கையிலேயே இருக்கிறது. யாராவது மறுத்தால் மாநில சுகாதார உதவி எண்ணான 104-இல் சொல்லுங்கள். எடுத்த கணக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதே தளத்தில் தற்காலிகமாக முடக்கவோ அடியோடு நீக்கவோ வழி உண்டு. ஆபா பற்றிய மற்ற சந்தேகங்களுக்கு 14477.