பழைய பெட்டியைத் திறக்கப் பணம் உண்டு, ஆனால் ஊருக்கும் திறந்துவிட வேண்டும்

எங்கள் செங்கோட்டைப் பக்கத்து வாசகசாலையில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. உள்ளே சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள்கள், கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகள், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக எழுதிய ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்), அடியில் இரண்டு ஓலைக்கட்டு. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும் வரை நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தானே, அதனால் இந்த மாதிரிப் பெட்டி இங்கே பல வீட்டுப் பரணிலும் கோயில் உக்கிராணத்திலும் சமுதாயச் சங்கத்திலும் இருக்கும். "இதையெல்லாம் காப்பாத்த கவர்மென்ட் பணம் ஏதாவது வருமா அண்ணாச்சி?" என்று மாதத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். வரும், ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நெட்டில் தேடினால் என்.எச்.பி.ஆர்.சி. என்று ஒன்று வரும், வரலாற்று ஆவணங்களை மக்கள் பார்க்க வழிசெய்யும் மானியம் என்று அழகாகப் போட்டிருக்கும். அது அமெரிக்க அரசின் ஆணையம், அங்கேயுள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். டெல்லி பேசுகிற மொழியில் சுவடி வேறு, ஆவணம் வேறு. 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் வைத்த வரையறைப்படி, சுவடி என்றால் கையால் எழுதியது, குறைந்தது 75 வருடப் பழமை, உள்ளே ஏதாவது அறிவுச் செய்தி இருக்க வேண்டும். வருவாய்க் கணக்கு, அரசாணை போன்றவை அதில் சேராது. ஆக, ஓலைக்கட்டில் வைத்தியமோ சோதிடமோ இருந்தால் அது சுவடி, கரம் ரசீதும் ஆதாரமும் எவ்வளவு பழசானாலும் ஆவணம்தான். சுவடி வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஞான பாரதம் இயக்கம் இருக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாப்பது இலக்கு, தனியார் வைத்திருக்கும் தொகுப்புகளையும் சேர்த்து. இது போக, டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் சுவடிகளையும் அரிய நூல்களையும் பாதுகாக்கத் தன்னார்வ நிறுவனங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நிதியுதவி தரும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. முழுச் செலவும் வராது, ஒரு பங்கை நாம் போட வேண்டும். நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும்: நம் பக்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம், ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சட்டம். பல சங்கங்களில் பதிவு எண் இருக்கும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அதைச் சரிபண்ணுங்கள்.

அப்போது ரசீதுக்கும் ஆதாரத்துக்கும்? அதற்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம். 2004இலிருந்து நடக்கிறது, பணம் ஆர்கேடியா அறக்கட்டளையிலிருந்து வருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புத் தாள்களைப் படமெடுத்தது இந்த மானியத்தில்தான், பழைய ஸ்டூடியோ போட்டோக்களுக்கும் இப்படியே கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய, அழியும் நிலையில் உள்ள சாமான் வேண்டும். என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் முன்னோட்டத் திட்டத்துக்கு 15,000 பவுண்டு வரை, நம் காசில் பதினைந்து லட்சத்துக்கும் மேலே. மூலத்தாள் நாட்டை விட்டு வெளியே போகவே போகாது, படம் மட்டும்தான். ஒரு பிரதி இங்கே ஒரு நிறுவனத்தில், ஒரு பிரதி லண்டனில்.

இதில் சிக்கல் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். வெளிநாட்டுப் பணம் வாங்க 2010ஆம் ஆண்டின் இந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் தலைமைக் கிளையில் கணக்கு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கியவர் அதை இன்னொரு சங்கத்துக்குக் கைமாற்றவும் முடியாது. சின்ன வாசகசாலைக்கு இது ஆகிற காரியமில்லை. பதிவு உள்ள கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ விண்ணப்பித்து, அவர்களே ஆள் போட்டு உங்கள் பெட்டியைப் படமெடுப்பதுதான் நடைமுறை.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். இந்தப் பணத்தில் எடுத்த படங்கள் இணையத்தில் போகும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கிறவர் சென்னையில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளையாகவும் இருக்கலாம், உங்களோடு வாய்க்கால் தகராறில் இருக்கிற பக்கத்து வயல்காரராகவும் இருக்கலாம். எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர் இதைக் கேட்டதும் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டார். "எங்க தாத்தா எழுதிக் கொடுத்தது உள்ள இருக்கு, வேண்டாம்யா" என்றார். அவர் பயம் நியாயம்தான். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே யாருடைய தாள் எது என்று பிரித்து, உரியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுத்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பணம் வந்த பிறகு ஒளித்துவைப்பது மட்டும் கூடாது, என்னைக் கேட்டால் அது மோசடி.

விண்ணப்பத்தில் எடுபடுவது பட்டியல். தாளுக்கு ஒரு எண், என்ன வகை, எந்த ஊர், என்ன மொழி, எந்தத் தேதி. தேதியில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள், ஏனென்றால் தாளில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. வருடம் சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது; அப்போதிலிருந்து டிசம்பர் வரை 824ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்கு மேல் 825. திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்தின் (அரச அறிவிப்பின்) தேதி 1112 துலாம் 27, கூட்டினால் 1936, நவம்பர் 12. இரண்டு தேதியையும் எழுதுங்கள், மதிப்பிடுகிறவருக்கு நம் கணக்குத் தெரியாது.

அதுவரை பெட்டியில் கைவைக்கிற ஆர்வக்கோளாறுகளை விரட்டுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் ஒட்டினால் பிறகு உரிக்க முடியாது. ஓலைக்கு யாரோ சொன்ன எண்ணெயைத் தடவ வேண்டாம். ராமபாணப்பூச்சி இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தாளை விரித்துக் காற்றாட நிழலில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். எங்கள் பெட்டியில் இதுவரை 43 தாளுக்குப் பட்டியல் போட்டாயிற்று, பெரியவரின் தாத்தா கையெழுத்து 17ஆவது. அந்த வரிசைக்கு நேரே சம்மதம் என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.