பெண்ட்கேட்: போன் வளைந்தது சரி, ‘கேட்’ எங்கிருந்து வந்தது?

2014 செப்டம்பரில் ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டும் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேன்ட் பாக்கெட்டில் வைத்த போன் வளைந்துவிட்டது என்று படங்கள் சுற்ற ஆரம்பித்தன. ‘அன்பாக்ஸ் தெரபி’ யூடியூப் சேனலில் ஒருவர் 6 பிளஸ்ஸை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்த, வால்யூம் பட்டன் பக்கம் அது வளைந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும், செய்தித் தளம் எதைத் திறந்தாலும் பெண்ட்கேட்தான்.

‘பெண்ட்’ நமக்குப் புதிதல்ல, சைக்கிள் கடையில் ரிம்முக்குப் பெண்டு எடுக்கிறார்களே, அதேதான். ‘கேட்’ மட்டும் வாசல் கேட் இல்லை. வாஷிங்டனில் வாட்டர்கேட் என்றொரு கட்டட வளாகம். 1972 ஜூன் 17 அன்று அங்கிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். அதை மூடி மறைக்கப் போய்த்தான் 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதிலிருந்து எந்தச் சர்ச்சை வந்தாலும் வாலில் ஒரு ‘கேட்’. இதைப் பரப்பியதில் வில்லியம் சஃபையர் என்ற பத்தி எழுத்தாளருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் முன்பு நிக்சனுக்கே உரை எழுதிக் கொடுத்தவர்! கண்டதற்கெல்லாம் கேட் ஒட்டி, வாட்டர்கேட்டைப் பத்தோடு பதினொன்றாக ஆக்கப் பார்த்தார் என்று அவர்மேல் விமர்சனமும் உண்டு. போன் உலகில் 2010இலேயே, கையில் பிடிக்கும் விதத்தில் சிக்னல் குறைந்த ஐபோன் 4க்கு ஆன்டெனாகேட் வந்துவிட்டது.

எனக்கு இந்த ஒட்டில் உறுத்துவது, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவதுதான். முதல் ஆறு நாளில் வளைவுப் புகார் சொன்னவர்கள் ஒன்பது பேர்தான் என்றது ஆப்பிள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அழுத்திச் சோதித்தபோது ஐபோன் 6 சுமார் 32 கிலோவிலும், 6 பிளஸ் சுமார் 41 கிலோவிலும் வளையத் தொடங்கின, ஹெச்டிசி ஒன் போனும் அதே 32 கிலோதான், அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் பழைய ஐபோன் 5 கிட்டத்தட்ட 59 கிலோ தாங்கியது. அப்படியானால் வதந்தி என்று தள்ளவும் முடியாது. 2018இல் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்கள்படி, 5எஸ்ஸைவிட ஐபோன் 6 வளைய 3.3 மடங்கும், 6 பிளஸ் 7.2 மடங்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆப்பிளின் சொந்தச் சோதனையே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. இடையில் 2016இல் 6 பிளஸ்ஸில் திரையின் மேல்பக்கம் சாம்பல் கோடு துடித்து, தொடுதிரை வேலை செய்யாமல் போன, வளைவோடும் தொடர்புபடுத்தப்பட்ட பிரச்சினைக்கு, போனைக் கீழே பலமுறை போட்டதுதான் காரணம் என்று வாங்கியவர் தலையிலேயே கட்டியது நிறுவனம். 2014இல் கத்திய அளவுக்கு 2018இல் யாரும் கத்தவில்லை.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ‘ஊழல்’ வேண்டாம், அது பணம், பதவி சம்பந்தப்பட்டது. ‘முறைகேடு’ என்றால் காதுக்குக் ‘கேட்’ மாதிரியே ஒலிக்கும், ஆனால் இந்தக் ‘கேடு’ நம்முடைய ‘கெடு’விலிருந்து வந்தது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தப்பு நிரூபணமான பிறகு எழுதவேண்டிய சொல்லும்கூட. நான் எழுதுவதானால் ‘ஐபோன் வளைவு விவகாரம்’ என்பேன். ‘விவகாரம்’ வடமொழிச் சொல்தான், தனித்தமிழ் வேண்டுபவர்கள் ‘வளைவுச் சிக்கல்’ என்று எழுதட்டும். பேட்டரிகேட்டுக்கும் இதே கணக்கு: பேட்டரி தேய்ந்த பழைய போன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது, 2020இல் 50 கோடி டாலர் வரை தரவும் சம்மதித்தது, தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அதுவும் இப்போதைக்குப் பேட்டரி விவகாரம்தான்.