காணும் பொங்கல் அன்று நான் காணும் மாடுகள்

ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கிளம்பும் நாளில் என் போன் காலை ஆறு மணிக்கே அடிக்க ஆரம்பித்துவிடும். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு காணும் பொங்கலும் இதிலிருந்து தப்பியதில்லை. "சார், மாடு தீனி எடுக்கல. படுத்தே கிடக்கு. அசையும் போடல."

நேற்று என்ன போட்டீர்கள் என்று கேட்பேன். "எப்பவும் போடுறதுதான் சார்." இரண்டாம் முறை கேட்டால், "கொஞ்சம் பொங்கல் வெச்சோம்." மூன்றாம் முறை அழுத்திக் கேட்டால்தான் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியவரும். வீட்டுப் பொங்கல் ஒரு பானை, பக்கத்து வீட்டார் கொண்டுவந்தது ஒரு தூக்கு, மாமியார் வீட்டிலிருந்து வந்தது தனி. எல்லாம் பாசத்தில் போட்டது. கொம்புக்கு வண்ணம் அடித்து, கழுத்தில் மாலை போட்டு, அந்த மாட்டையே சாகக் கிடக்க வைத்திருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த ஒரு ஜெர்சி கலப்பினப் பசுவைச் சொல்கிறேன். இரண்டாம் ஈத்து, வேளைக்கு ஆறு லிட்டர் கறந்துகொண்டிருந்தது. நான் போனபோது கண் குழிவிழுந்து, மூக்கு காய்ந்து, தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துப் படுத்திருந்தது. சாணம் கூழாக, சாம்பல் நிறத்தில் நுரையோடு இருந்தது. அதில் முழு முழுச் சோற்றுப் பருக்கைகள். இடது வயிற்றில் கையை வைத்துக் குலுக்கினால், பாதி நிரம்பிய குடத்தை ஆட்டியது போல உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம். காதை வைத்து ஐந்து நிமிடம் கேட்டேன். நல்ல மாட்டின் பெருவயிறு, அதாவது நான்கு அறை வயிற்றில் முதலாவதும் பெரியதுமான அறை, நிமிடத்துக்கு ஒரு தடவையாவது புரண்டு, தூரத்து இடி போல ஒரு சத்தம் எழுப்பும். இங்கே ஒன்றுமே இல்லை.

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுத் திரவத்தைக் கொஞ்சம் எடுத்தேன். நல்ல மாட்டினுடையது பச்சையும் பழுப்புமாக, கொஞ்சம் கொழகொழவென்று, ஊறிய புல்லின் வாசனையோடு இருக்கும். இது பால் கலந்த சாம்பல் நிறம். வாடை, நான்கு நாள் வெளியில் கிடந்த இட்லி மாவு. புளிப்பை அளக்கும் பிஎச் தாளை நனைத்தேன், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஐந்துக்கும் கீழே காட்டியது. இருக்க வேண்டியது ஆறிலிருந்து ஏழு.

அடுத்து நான் செய்ததை அந்த வீட்டுப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான், பத்தாவது படிப்பவன். பக்கத்து வீட்டு நாட்டு மாட்டிலிருந்தும் கொஞ்சம் திரவம் எடுத்து, சூடு ஆறாமல் பிளாஸ்கில் ஊற்றினேன். ஆறினால் உள்ளிருப்பவை அசைவதை நிறுத்திவிடும், பிறகு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. என் பெட்டியில் இருக்கும் பழைய மைக்ராஸ்கோப்பைத் திண்ணையில் வைத்து, முதலில் நாட்டு மாட்டின் சொட்டைக் காட்டினேன். "ஐயோ, என்னா சார் இது, சந்தை மாதிரி இருக்கு!" என்றான். சரியான சொல். உடல் முழுக்க ரோமம் வைத்த ஒற்றைச் செல் உயிர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சுழன்று, புல் துணுக்குகளைச் சுற்றிச் சுற்றி ஓடும். பெரியவை கண்ணாடிக் குழாயில் வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அப்புறம் ஜெர்சியின் சொட்டை வைத்தேன். எதுவும் அசையவில்லை. பையன் கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தான்.

நான் அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்ல வந்தேன். மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சந்தைக்குத்தான் போடுகிறோம். மாடு தின்பது அவை மிச்சம் வைத்ததை.

வைக்கோலைச் செரிக்கும் நொதி எந்தப் பசுவின் உடம்பிலும் சுரப்பதில்லை. பெருவயிறு என்பது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. 39 டிகிரி சூடு, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அந்தத் திரவத்தின் ஒரு மில்லியில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியா, சில லட்சம் ஒற்றைச் செல் உயிர்கள், கூடவே பூஞ்சைகள், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். நார்ச்சத்தை உடைத்து அவை கழிவாக வெளியே விடும் அமிலங்கள்தான் மாட்டின் எரிபொருள். அதற்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அப்படித்தான் கிடைக்கிறது. போதாததற்கு, அந்த உயிர்களே கொத்துக் கொத்தாக அடுத்த வயிறுகளுக்குப் போய்ச் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. நீங்கள் காபியில் ஊற்றும் பாலின் புரதத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதான்.

இது தெரியவந்ததே மெதுவாகத்தான். 1843-இல் பாரிஸில் குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் இந்த ஒற்றைச் செல் உயிர்களைப் பார்த்து எழுதினார்கள். பாக்டீரியாவைப் பிடிப்பது அதைவிடக் கடினமாக இருந்தது, காற்றுப் பட்டாலே செத்துவிடும். அமெரிக்காவின் ராபர்ட் ஹங்கேட் முதலில் கரையானின் வயிற்றை ஆராய்ந்தவர். அங்கிருந்து மாட்டு வயிற்றுக்கு வந்து, ஆக்சிஜன் துளியும் இல்லாத குழாய்களில் இவற்றை வளர்க்க வழி கண்டுபிடித்தார். ஆய்வகத் தட்டில் வளர்வது எதுவோ அதுதான் வயிற்றிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாமல், அந்த உயிர் அதன் இடத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பூஞ்சை என்றால் காற்று வேண்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 1975-இல் காலின் ஆர்பின் ஆட்டு வயிற்றில் நீந்திக்கொண்டிருந்தவை காற்றில்லாமல் வாழும் பூஞ்சைகளின் வித்துக்கள் என்று காட்டினார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதையெல்லாம் பரீட்சைக்காகப் படித்தோம். மாட்டுக்கொட்டகையில் நின்ற பிறகுதான் உறைத்தது.

சரி, பொங்கல் உள்ளே போனால் என்ன ஆகிறது? வைக்கோலை மாடு மென்று, திரும்பக் கொண்டுவந்து, அசைபோட்டு, மறுபடி மெல்லும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதற்கே போகும். அந்த மெல்லலில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறும், அதில் கரைந்திருப்பது நம் சமையல் சோடாவேதான், கிலோ கணக்கில். வயிற்றில் ஊறும் அமிலத்தை அதுதான் அடக்கி வைக்கிறது. வெந்த சோற்றை எந்த மாடு மெல்லும்? சப்பென்று விழுங்கிவிடும். அசையும் இல்லை, எச்சிலும் இல்லை, சோடாவும் இல்லை.

அதே நேரத்தில் உள்ளே, வழக்கமாக மூலையில் சும்மா இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை ஒன்றுக்கு விருந்து கிடைக்கிறது. மாவுச்சத்தும் வெல்லமும் கிடைத்தால் அரை மணிக்குள் இரட்டிப்பாகும் ஜாதி அது. அது விடுவது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். வழக்கமாக வயிற்றில் ஊறும் அமிலங்களைவிடச் சுமார் பத்து மடங்கு வீரியம். பிஎச் ஆறுக்குக் கீழே போனதும் வைக்கோலைச் செரிப்பவை வேலையை நிறுத்தும். ஐந்தை நெருங்கும்போது ஒற்றைச் செல் உயிர்கள் செத்து விழும். அமிலம் ஏற ஏற, ரத்தத்திலிருக்கும் தண்ணீரை வயிறு இழுத்துக்கொள்ளும். நான் குலுக்கிக் கேட்ட தளும்பல் அதுதான். வயிறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டே மாடு வறண்டு போகும். முதல் நாள் மாலை தின்றது, அடுத்த நாள் விடியலில் படுத்திருக்கும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

அந்த ஜெர்சிக்குக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினேன், ரத்த நாளத்தில் பாட்டில் பாட்டிலாக மருந்தும் சோடாவும் ஏற்றினேன். ஆனால் கழுவின தொட்டி காலித் தொட்டிதான், குடியிருப்பவர்கள் வேண்டுமே. மறுநாள் பக்கத்து வீட்டு நாட்டு மாட்டிடமிருந்து நான்கு லிட்டர் வயிற்றுத் திரவம் எடுத்து, துணியில் வடிகட்டி, சூட்டோடு இதற்கு ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார், "என் மாட்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே டாக்டரே?" ஆகாது, அது ஒரே நாளில் பெருக்கிக்கொள்ளும். வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, எச்சில் பண்ணுனதைப் போய் ஊத்துறீங்களே" என்றார். எச்சில் பண்ணியதுதான் மருந்து. மூன்றாம் நாள் அசை போட ஆரம்பித்தது.

இந்த உயிர்களை ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுப்பதில் எனக்குப் பிடித்த கதை சவுண்டல் கதை. சூபாபுல் என்றும் சொல்வோம். நம் ஆடுகளுக்கு ஒடித்துப் போடும் மரம்தான். ஆஸ்திரேலியாவில் அதை மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்தில் தைராய்டு வீங்கியது, எடை ஏறவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், ஹவாய்த் தீவு ஆடுகள் அதே தழையை நிறையத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருப்பதைக் கவனித்தார். ஆட்டின் ரத்தத்தில் ஏதும் விசேஷம் இல்லை, வயிற்றில் குடியிருந்த ஒரு பாக்டீரியாதான் அந்த விஷத்தை உடைத்துக்கொண்டிருந்தது. ஹவாயிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வயிற்றுத் திரவத்தைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு ஊற்றினார்கள், அவையும் சவுண்டலைத் தாங்கின. அந்த பாக்டீரியாவுக்கு 1992-இல் ஜோன்ஸின் பெயரையே வைத்தார்கள். மரத்தை மட்டும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோனவர்கள் அதைத் தின்னத் தெரிந்த வயிற்றைக் கொண்டுபோக மறந்ததுதான் முழுக் கதையும்.

பொங்கலோடு இது முடிவதில்லை. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டும் சோறு, பலாச் சீசனில் பண்ருட்டிப் பக்கம் குவியும் சக்கைகள், அரிசி மூட்டையை அவிழ்த்துத் தானே தின்றுவிட்ட மாடு, எல்லாம் ஒரே வியாதிதான். கோயில் மாடுகளின் கதி இன்னும் பாவம். அமாவாசைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சீப்பு பழம், கொஞ்சம் சோறு என்று கொடுப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் அதிகம் கொடுக்கவில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கைப்பிடி போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

புதுத் தீவனம் எதுவானாலும் இரண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் ஆள் மாற்றிக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். பால் கூடட்டும் என்று கலப்புத் தீவனத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதும் பொங்கல் வைப்பதும் மாட்டு வயிற்றுக்கு ஒன்றுதான். அரிசி, சோறு தின்றுவிட்டது என்று தெரிந்தால், படுக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். டாக்டர் வருவதற்குள் சமையல் சோடா கரைத்துக் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை இழுத்து, மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்ச் செத்த மாடுகளை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வாய் வழியாகப் போடுவதும் வேண்டாம். கிருமியைக் கொல்லும் மாத்திரைக்கு எது கெட்டது, எது குடியிருப்பது என்று தெரியாது.

ஜெர்சி பிழைத்தது, ஆனால் வேளைக்கு மூன்று லிட்டருக்கு மேல் அந்த ஈத்தில் கறக்கவில்லை. பங்குனியில் குளம்பு வலித்து நொண்ட ஆரம்பித்தது. வயிற்றுப் புளிப்பு குளம்பில் போய் இறங்குவது இந்த நோயின் வழக்கம். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு அந்த அம்மா ஒரு வாழையிலைத் துண்டில் நெல்லிக்காய் அளவு பொங்கல் வைத்துவிட்டு, தூக்கோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாராம்.

இந்த வருடம் காணும் பொங்கலுக்கு எனக்கு வந்தது மூன்று போன். அதில் இரண்டு, ஆடுகள். ஆட்டின் வயிறு பத்துப் பதினைந்து லிட்டர்தான், மாட்டைக் கவிழ்க்கப் பானை வேண்டும், ஆட்டுக்கு ஒரு தட்டு போதும். ஒன்றைக் காப்பாற்ற முடிந்தது.