சுடாத உருண்டை எப்படி உதிராமல் நிற்கிறது?

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் இரண்டும் தனித்தனியாகத் தெறித்து ஜார் சுவரில் ஒட்டும். அப்புறம் ஈர ரவைப் பதத்துக்கு வரும். இன்னும் சில சுற்று போனால் சத்தமே மாறிவிடும். சடசடப்பு அடங்கி, எல்லாம் ஒரே கட்டியாகத் திரண்டு பிளேடுக்கு மேலே உருளும். மிக்ஸியை நிறுத்த வேண்டிய நேரம் அதுதான்.

பாகு காய்ச்சவில்லை, முட்டை சேர்க்கவில்லை, ஓவனில் வைக்கவில்லை. பிறகு எது ஒட்டவைத்தது? கேக்கில் சூடு பட்டு மாவுச்சத்து வெந்து, முட்டையின் புரதம் இறுகி, உள்ளே ஒரு சட்டம் உருவாகிறது. சுடாத உருண்டையில் அப்படி எதுவும் உருவாவதில்லை. அதை நிறுத்திப் பிடிப்பது கெட்டியான சர்க்கரைக் கரைசல் அல்லது கொழுப்பு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து. அதனால் இனிப்பும் இல்லை, கொழுப்பும் இல்லை, ஆனால் கச்சிதமாக நிற்கும் என்று யாராவது ஒரு செய்முறை சொன்னால், எதைக் கொண்டு நிற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

பேரீச்சம்பழத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மிருதுவான பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். டீக்குப் போடும் சர்க்கரையை இந்த விகிதத்தில் கலந்தால் முழுதாகக் கரையாது. கணிசமான பகுதி படிகமாக அடியில் தங்கிவிடும். பழத்தில் அப்படி ஆகாததற்குக் காரணம், கனியும்போது இன்வர்டேஸ் என்ற நொதி அந்தச் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபுரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடுவது. ஃபுரக்டோஸ் மிகக் குறைந்த தண்ணீரிலும் கரையும். இரண்டும் கலந்திருப்பதால் படிகமாவதும் கடினம். ஆக ஒவ்வொரு பழமும் தேனைப் போன்ற ஒரு கெட்டிக் கரைசலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிளேடு செல்சுவர்களைக் கிழித்ததும் அது வெளியே வருகிறது. சுவரில் இருந்த பெக்டின் என்ற ஒட்டும் நார்ப்பொருளும் கூடவே வந்து பிசுபிசுப்பைக் கூட்டுகிறது.

கடற்கரையில் காய்ந்த மணலை எவ்வளவு அழுத்தினாலும் கையில் நிற்காது. கொஞ்சம் ஈரமான மணல் நிற்கும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே தண்ணீர் சிறு பாலம் போட்டு, பரப்பு இழுவிசையால் இரண்டையும் இழுத்துப் பிடிப்பதுதான் காரணம். உருண்டையிலும் நடப்பது இதேதான், பாலம் மட்டும் சர்க்கரைக் கரைசலால் ஆனது. மணலில் தண்ணீர் காய்ந்ததும் எல்லாம் சரிந்துவிடும். சர்க்கரைக் கரைசல் அவ்வளவு சுலபத்தில் காயாது, நகரவும் நகராது. இறுக்கிப் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். உள்ளங்கை அழுத்தத்தில் காற்று வெளியேறி, துகள்கள் நெருங்கினால்தான் பாலம் எட்டும். பழம் வறண்டு கட்டையாக இருந்தால் கரைசல் வெளியே வராது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்து, துணியில் ஒற்றிவிட்டு அரைக்கலாம். ஒற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எள்ளுருண்டையில் பசை வேறு. எள்ளின் எடையில் பாதி எண்ணெய். அந்த எண்ணெய் விதைக்குள் மிக நுண்ணிய துளிகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறைக்குள் அடைபட்டிருக்கிறது. வறுக்கும்போது ஈரம் போய் விதை மொறுமொறுப்பாகிறது. உரலில் இடிக்கும்போது உறைகள் உடைந்து எண்ணெய் கசிகிறது. வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து இடித்தால், அவற்றில் இருக்கும் கொஞ்ச ஈரமும் படிகமாகாத சர்க்கரையும் இன்னொரு பசை. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பளபளக்கும் கருப்பு உருண்டை. உரலுக்குப் பதில் மிக்ஸி என்றால் கவனம் வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் பிளேடின் உராய்வுச் சூட்டில் எண்ணெய் அளவுக்கு மீறிப் பிரிந்து, உருண்டை கையில் வழுக்கும். கடித்தால் எண்ணெய்ச் சுவைதான் முன்னால் வரும்.

பொட்டுக்கடலை மாலாடு இதற்கு நேர் எதிர். பொட்டுக்கடலையில் எண்ணெய் மிகக் குறைவு, தூளாக்கிய சர்க்கரையும் காய்ந்தது. அங்கே எல்லா வேலையும் நெய் தலையில். சூடான நெய்யை ஊற்றும்போது அது தண்ணீர் போல ஓடி ஒவ்வொரு மாவுத் துகளையும் நனைக்கிறது. ஆறும்போது நெய்யின் ஒரு பகுதி படிகமாகி மாவைப் பூட்டுகிறது. கை பொறுக்கும் சூட்டில் பிடித்துவிட்டால் படிகங்கள் உருண்டைக்குள்ளேயே உருவாகும். பேச்சில் விட்டுவிட்டு ஆறிய பிறகு பிடிக்கப் போனால், உருவான படிகங்களை நாமே உடைக்கிறோம், மாவு உதிரும். இன்னும் நெய் ஊற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தேவையில்லை, லேசாகச் சூடு காட்டினால் போதும். நெய் சுமார் 35 டிகிரிக்கு மேல் முழுக்க இளகிவிடும் என்பதால், சித்திரை வெயிலில் சென்னையில் நிற்காத மாலாடு ஊட்டியில் கல்லாக நிற்கும். தேங்காய் எண்ணெயில் பிடிக்கும் புதுவகை உருண்டைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அந்த எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்து போகும்.

சரி, இவை ஏன் சீக்கிரம் கெடுவதில்லை? உணவில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1953-ல் இதைத் தெளிவாகக் காட்டினார். நீர்ச் செயல்பாடு என்று சொல்லப்படும் இந்த அளவு சுத்தமான தண்ணீரில் 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91-க்கு மேல் வேண்டும். பூஞ்சைகள் இன்னும் கீழேயும் தாக்குப்பிடிக்கும். 0.6-க்குக் கீழே எதுவும் வளராது. பேரீச்சம்பழத்தில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலும் சர்க்கரை அதை விடாமல் பிடித்து வைத்திருப்பதால், அதன் நீர்ச் செயல்பாடு 0.6, 0.7 என்ற அளவிலேயே நிற்கிறது.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஊறவைத்த பழத்தை ஒற்றாமல் அரைப்போம். உருண்டை சேரவில்லை என்று இரண்டு கரண்டி பால் தெளிப்போம். மணத்துக்காகத் துருவிய பச்சைத் தேங்காய் சேர்ப்போம். தேங்காயின் எடையில் பாதிக்கு அருகில் தண்ணீர். அன்றே தின்று தீர்ப்பதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம், ஒரு வாரம் வைக்க நினைத்தால் கூடாது. பிடிக்கும்போது கையில் தண்ணீர் தொட்டுக்கொள்வதும் வேண்டாம். அந்த ஈரம் உருண்டையின் மேற்பரப்பில் தங்கும். பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான். விரலில் ஒரு துளி நெய் போதும்.

தண்ணீர் உருண்டைக்குள்ளேயும் இடம் மாறும். அரிசிப்பொரியைப் பேரீச்சம்பழத்தோடு கலந்தால் முதல் நாள் மொறுமொறுவென்று இருக்கும், மறுநாள் நமத்துவிடும். பழத்திலிருந்து பொரிக்கு ஈரம் நகர்ந்துவிடுவதால் இப்படி ஆகிறது, டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தடுக்க முடியாது. வேர்க்கடலைக்குள் எண்ணெய் நிறைந்திருப்பதால் அது கொஞ்சம் தாங்கும். ஓட்ஸ் சேர்த்தவர்கள் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: கலவையை அரை மணி நேரம் விட்டால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ள, கையில் ஒட்டிய கலவை பிடிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

அடுப்பே வேண்டாம் என்ற உற்சாகத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. பச்சைக் கோதுமை மாவும் பச்சைச் சிறுதானிய மாவும் பார்க்கத்தான் காய்ந்தவை. வயலிலிருந்து வந்த கிருமிகள் அதில் வளராமல், ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். 2016-ல் அமெரிக்காவில் பச்சை மாவு மூலம் ஈ. கோலை என்ற பாக்டீரியா பரவி 60 பேருக்கு மேல் நோயுற்றார்கள். தேனும் தினைமாவும் செய்வதானாலும் தினையைச் சிவக்க வறுத்தே அரையுங்கள். மாவாக்கிய பிறகு வறுப்பதைவிட முழுத் தானியமாக வறுப்பது சுலபம், வாசனையும் தூக்கலாக இருக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதுவும் வேண்டாம்.

இனி, இந்த உருண்டைகளுக்கு ஒட்டிவிடும் ‘ஹெல்தி’ என்ற பட்டம். 200 கிராம் பேரீச்சம்பழம், 100 கிராம் வேர்க்கடலை போட்டு 20 கிராம் வீதம் 15 உருண்டை பிடித்தால், ஒன்றில் சுமார் 75 கலோரி. சர்க்கரை 8 அல்லது 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கவில்லை என்பது உண்மை. நார்ச்சத்து கூடவே வருகிறது, கடலையின் புரதமும் கொழுப்பும் பசி தாங்க உதவும், டீக்கடை பிஸ்கட்டோடு ஒப்பிட்டால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்வது ஏமாற்று. பிரிட்டனில் பழத்தை அரைத்துக் கூழாக்கினால் அதன் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள், முழுப் பழமாகத் தின்றால் சேர்ப்பதில்லை. செல்சுவருக்குள் இருந்ததை மிக்ஸி வெளியே எடுத்துவிட்டதே. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், தேன் என்று மாற்றுவதால் இந்தக் கணக்கு குறையாது. உலக சுகாதார நிறுவனம் தேனின் இனிப்பையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

இனிப்பைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் பழத்தைக் குறைத்து எள்ளையும் கடலையையும் கூட்டலாம். சர்க்கரை இறங்கும், கலோரி ஏறும். இரண்டையும் குறைத்துப் பொட்டுக்கடலை மாவைக் கூட்டினால் உருண்டை கையிலேயே உதிரும். மிச்சமிருக்கும் வழி அளவுதான். 20 கிராம் உருண்டை பெரிய நெல்லிக்காய் அளவே இருக்கும். வழக்கம்போல எலுமிச்சை அளவுக்குப் பிடித்தால் ஒன்றின் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், சர்க்கரையும்தான்.